14 வயது மகனுக்குச் சிறிய சிறப்புப் பள்ளி: எதைப் பார்த்து முடிவு செய்வது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இந்தத் தை மாதம் 14 வயது முடிந்தது. மதுரையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மூன்றாம் வகுப்பிலிருந்தே எழுத்துப் பிழைகளுக்காகத் திட்டு வாங்கி வளர்ந்தவன். கவனம் போதவில்லை, விளையாட்டுப் புத்தி என்று ஆசிரியர்கள் சொன்னதை நாங்களும் நம்பி, டியூஷன் மாற்றி டியூஷன் வைத்துப் பார்த்தோம். சென்ற ஆண்டுதான் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு நாள் சோதித்த பிறகு, அறிவுத்திறன் சராசரிக்குச் சற்று மேலே இருக்கிறது, வாசிப்பு மட்டும் நான்காம் வகுப்பு அளவில் நின்றுவிட்டது, இது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடு என்று அவர் எழுதித் தந்தார். அந்த அறிக்கையைப் படித்த இரவு, ஆறு ஆண்டுகள் நான் அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவுக்கு வந்தது.

என் தம்பி மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். விடுமுறை நாள்களில் மகன் அங்கேதான் இருப்பான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய சுருளில் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று கணக்குப் பார்த்து, புதிதாகச் சுற்றும் வரை கூடவே நிற்பான். ஏன் எரிந்தது என்று கேட்டால் கால் மணி நேரம் தெளிவாக விளக்குவான். அதையே இரண்டு வரி எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான்.

பத்தாம் வகுப்பு நெருங்குவதால், ஓப்பன் ஸ்கூலிங் பற்றி யோசித்துப் பாருங்கள் என்று பள்ளியில் மென்மையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சென்னையில் இரண்டு சிறிய சிறப்புப் பள்ளிகளை நேரில் பார்த்து வந்தோம். ஒன்றில் 22 பிள்ளைகள், பெரிய தோட்டம், மணி அடிக்கும் வழக்கமே இல்லை, எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கிறார்கள். மற்றொன்றில் 35 பேர். மாடிக் கட்டடம், இடம் குறைவு, ஆனால் தினமும் ஒரு மணி நேரம் வாசிப்புக்கென்றே தனி வகுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டுமே என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது ஓப்பன் ஸ்கூலிங்) வழியாகத்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கின்றன. எதில் சேர்த்தாலும் நானும் மகனும் சென்னைக்குக் குடிபெயர வேண்டும். கணவர் கடையோடு மதுரையில் இருப்பார்.

என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழோடு பின்னால் அவனுக்குக் கதவுகள் மூடிவிடுமா? இப்படிப்பட்ட பள்ளியை எந்த அளவுகோலால் பார்ப்பது? தோட்டத்தையும் சிரித்த முகங்களையும் பார்த்து எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியை நம்பி முடிவெடுக்கலாமா என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மகன் கேட்டதற்கெல்லாம் "சரிம்மா" என்கிறான், வேறு ஒன்றும் பேசுவதில்லை.


சிறப்பாசிரியை, கோவை

சகோதரிக்கு வணக்கம். நான் 17 ஆண்டுகளாகக் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் நீங்கள் பார்த்தது போன்ற ஒரு சிறிய பள்ளியில் கழிந்தன. உங்கள் பயம் சரியான பயம். பல ஆண்டுகள் திட்டு வாங்கிய பிள்ளையின் தாய்க்கு, யாரும் திட்டாத ஓர் இடத்தைக் கண்டவுடன் கண் நிறைந்துவிடும். அன்பு இல்லாத பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் அன்பு மட்டும் இருந்து வாசிப்புச் சொல்லித் தராத பள்ளியில் மூன்று ஆண்டு மகிழ்ச்சியாக இருந்துவிட்டு, 17 வயதில் பேருந்துப் பலகையைப் படிக்கத் தடுமாறியபடி வெளியே வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மறுமுறை போகும்போது ஒரே ஒரு பொருளைக் கேட்டுப் பாருங்கள். சென்ற ஜூன் மாதம் ஒரு மாணவர் எழுதிய நோட்டு, அதே மாணவர் இந்த மாதம் எழுதிய நோட்டு, இரண்டையும் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாடம் நடக்கும் பள்ளியில் அந்த இரண்டு நோட்டுக்கும் நடுவே வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரியும். பிழைகள் முற்றிலும் மறைந்திருக்காது. ஆனால் முன்பு இரண்டு வரியில் நின்றவர் இப்போது அரைப் பக்கம் எழுதியிருப்பார், அல்லது ஒரே வகைப் பிழை குறைந்திருக்கும். அப்படி எதையும் எடுத்துக் காட்ட முடியாமல் எங்கள் பிள்ளைகளை மதிப்பெண்ணால் அளப்பதில்லை என்று மட்டும் பதில் வந்தால், நீங்கள் நிதானிக்க வேண்டும்.

அடுத்து, வாசிப்பை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலத்துக்கு ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் வழியைப் பின்பற்றுவதாகப் பலரும் சொல்வார்கள். 1930களில் அமெரிக்காவில் உருவான அந்த முறையில் கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்தி, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, ஒரு படி கூடத் தாண்டாமல் கற்பிக்க வேண்டும். முறையின் பெயரைச் சொல்வது எளிது. தினமும் அதைச் செய்வதுதான் கடினம். தமிழுக்கு என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் கைவிரித்துவிடுகின்றன. தமிழ் எழுதியபடியே ஒலிக்கும் மொழி, அதில் சிக்கல் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நம் "க" ஓர் இடத்தில் அழுத்தமாகவும் இன்னோர் இடத்தில் மென்மையாகவும் ஒலிக்கிறது. "கெ", "கே", "கை" ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. "கொ"வில் அது இரண்டு பக்கமும் நிற்கிறது. ல, ள, ழ, ர, ற ஆகியவை பல வட்டாரப் பேச்சில் கலந்துவிட்டதால் காதை மட்டும் நம்பி எழுதும் பிள்ளை தடுமாறும். எல்லாவற்றுக்கும் மேலாக நம் சொற்களின் நீளம். "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரே சொல்லைப் பார்த்தவுடன் அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு, படித்து, கொண்டு, இருந்தார்கள் என்று பிரித்து, அடிச்சொல்லில் விரல் வைத்துக் காட்டும் ஆசிரியர் வேண்டும். 14 வயதில் இது வேகமாகவே பிடிபடும், ஏனென்றால் பேச்சில் அந்த இலக்கணம் முழுவதும் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கற்பிப்பவரின் தகுதியைக் கேட்கத் தயங்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் சிறப்பாசிரியர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் உண்டு. எத்தனை பேருக்கு அந்த எண் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்றவர்கள் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. பதிவு உள்ளவர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் யார் என்பதும் மிக முக்கியம். சிறிய பள்ளிகள் பல, ஆட்டிசம் உள்ளவர்களையும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களையும் டிஸ்லெக்சியா உள்ளவர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றன. எல்லோரும் ஒன்றாக விளையாடுவதும் உண்பதும் எல்லோருக்குமே நல்லது. ஆனால் பாடவேளையில் உங்கள் மகனுக்கு அவன் சிந்தனைக்கு ஈடான பேச்சும் எதிர்க்கேள்வியும் வேண்டும். மோட்டார் ஏன் எரிந்தது என்று கால் மணி நேரம் பேசக்கூடியவனுக்கு ஐந்தாம் வகுப்பு அறிவியலைக் கொடுத்து உட்கார வைத்தால், திட்டு வாங்கிய நாள்களை விட அது அவனை அதிகம் புண்படுத்தும்.

என்.ஐ.ஓ.எஸ். பற்றி ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்றால் பத்தாம் வகுப்பு முடியும். ஒரு மொழி இருந்தால் போதும், கணிதம் கூடக் கட்டாயமில்லை. இந்தச் சலுகையே சில பள்ளிகளில் பொறியாகிவிடுகிறது. தேர்ச்சி எளிதாக வர வேண்டும் என்பதற்காக ஓவியம், மனையியல் என்று பாடங்களை அவர்களே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஓவியத்தில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல பாடம்தான். ஆனால் உங்கள் மகனின் கை மோட்டாரில் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் சேரப் பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். அந்த இரண்டு பாடங்களையும் கைவிடாமல் நடத்தும் பள்ளி எது என்று பாருங்கள். நடத்த ஆள் இல்லை என்று சொன்னால் தோட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.


தாம்பரத்துத் தந்தை

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகள் 15 வயது முதல் 18 வயது வரை ஒரு சிறிய பள்ளியில் படித்தாள். அங்கே அவள் பிழைத்தாள் என்றே சொல்வேன். அதே பள்ளியால் ஓராண்டு நாங்கள் தவித்ததும் உண்டு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பள்ளி ஒரே ஒரு அம்மையாரின் உழைப்பில் நின்றது. பாடத்திட்டம், பெற்றோர் சந்திப்பு, தேர்வு விண்ணப்பம், மதியச் சாப்பாடு வரை எல்லாம் அவர் கையில். நடு ஆண்டில் குடும்பக் காரணத்தால் அவர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. அவர் போன ஆறு வாரத்தில் இரண்டு ஆசிரியர்கள் விலகினார்கள். என் மகளின் தனிநபர் கல்வித் திட்டம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று சொல்லக் கூட ஆள் இல்லை. பெரிய பள்ளியில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். சிறிய பள்ளியில் ஒருவர் போனால் பள்ளியே போனது போல ஆகிவிடும். ஆகவே, தலைமை ஆசிரியர் நாளை வராவிட்டால் யார் நடத்துவார்கள் என்று நேராகவே கேளுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் தங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். பிள்ளைக்காக எழுதப்படும் திட்டத்தின் ஒரு படியை ஒவ்வொரு பருவத்திலும் நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கி வைக்காமல் பட்டோம்.

என்.ஐ.ஓ.எஸ். நடைமுறையைப் பற்றி எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். இத்தகைய இடங்கள் பலவும் அறக்கட்டளையின் பெயரில் நடப்பவை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அல்ல. பிள்ளையின் பதிவு என்.ஐ.ஓ.எஸ்.ஸில், அதன் அங்கீகாரம் பெற்ற ஒரு படிப்பு மையத்தின் வழியாக நடக்கும். நீங்கள் சேர்க்கும் பள்ளியே அந்த மையமா, அல்லது வேறொரு மையத்தில் பதிந்துவிட்டு இவர்கள் பாடம் மட்டும் நடத்துகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஒப்படைப்புகளும் செய்முறைத் தேர்வும் அந்த மையத்தைச் சார்ந்தவை. பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14; உங்கள் மகனுக்கு அது நிறைந்துவிட்டது. பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் நடக்கும். ஒரு முறை பதிந்தால் ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. என் மகள் அக்டோபரில் இரண்டு, அடுத்த ஏப்ரலில் மூன்று என்று எழுதினாள். இரண்டே பாடம் என்றதும் அவள் முகத்தில் வந்த தெளிவை நான் அதற்கு முன் எந்தத் தேர்வுக் காலத்திலும் பார்த்ததில்லை.

கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் தானாகக் கிடைத்துவிட மாட்டார்கள். அதற்குத் தனியே, உரிய காலத்தில், மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பள்ளி செய்யுமா, நீங்கள் செய்ய வேண்டுமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். தேர்வு நடப்பது பிள்ளை அறியாத ஏதோ ஒரு பள்ளியில். முன்பின் தெரியாத ஒருவரிடம் விடையைச் சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். என் மகளுக்கு நாங்கள் வீட்டில் நான்கு மாதம் அதற்காகவே பயிற்சி கொடுத்தோம்.

இன்னொரு செய்தி. இப்போதைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கிய பிறகு திரும்ப அந்த இடம் கிடைப்பது கடினம். முதலில் ஒரு வாரமாவது அவனைப் புதிய பள்ளியில் உட்காரவைத்துப் பாருங்கள். நல்ல பள்ளிகள் அதற்குச் சம்மதிக்கும். பல பள்ளிகளில் அவர்களே வற்புறுத்துவார்கள்.


திருச்சியிலிருந்து ஒரு தாய்

நான் வேறு வழியில் போனவள் என்பதால் எழுதுகிறேன். என் மகளுக்கும் டிஸ்லெக்சியாதான். பள்ளி மாற்றவில்லை. அவள் படித்ததும் சி.பி.எஸ்.இ. பள்ளிதான், எங்களிடமும் ஓப்பன் ஸ்கூலிங் என்று சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அப்போது நான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" என்பதும் அவற்றில் ஒன்று. 16ஆவது பிரிவின்படி, பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதைக் கடக்க உதவும் கற்பித்தல் ஏற்பாடுகளைச் செய்வது கல்வி நிறுவனத்தின் கடமை. 17ஆவது பிரிவு கூடுதல் நேரம், எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதி, அறிக்கையையும் இணைத்துக் கொடுத்தேன். வாய்ப்பேச்சில் ஓராண்டு நகராத காரியம் அந்தக் கடிதத்துக்குப் பிறகு மூன்று வாரத்தில் நகர்ந்தது.

சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறார்கள். இரண்டு மொழிக்குப் பதிலாக ஒரு மொழி எழுதலாம். என் மகள் ஒரு மொழியை விட்டதும் அவளுக்கு வாரத்தில் ஆறு பாடவேளைகள் மிச்சமாயின. அந்த நேரத்தில் நூலகத்தில் அமர்ந்து, பாடத்தை ஒலிவடிவில் கேட்டுக்கொண்டே புத்தகத்தின் வரியில் விரல் வைத்துத் தொடரப் பழகினாள். மாலையில் வாரம் மூன்று நாள் ஒரு சிறப்பாசிரியை வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்பைத் தோழிகளோடு முடித்தாள்.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு அந்த வகுப்பில் இரண்டு உயிர்த்தோழிகள் இருந்தார்கள், கணித ஆசிரியர் அவள் பக்கம் நின்றார். அப்படி யாரும் இல்லாமல், தினமும் காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையாக இருந்திருந்தால் நானும் பெட்டியைக் கட்டியிருப்பேன். உங்கள் மகனுக்குப் பள்ளியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், சகோதரி. குடும்பத்தைப் பிரித்து இரண்டு ஊரில் வைப்பதற்கு முன், இருக்கிற பள்ளியிடம் எழுத்தில் கேட்டுப் பார்த்துவிட்டோமா என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.


முன்னாள் மாணவன்

அம்மா, எனக்கு இப்போது 24 வயது. 15ஆவது வயதில் என்னையும் இப்படி ஒரு சிறிய பள்ளியில் சேர்த்தார்கள். இந்தப் பதிலைப் பேசி, எழுத்தாக மாற்றி, என் அக்காவிடம் காட்டித் திருத்தி அனுப்புகிறேன்.

உங்கள் மகன் சொல்லும் "சரிம்மா" எனக்கு நன்றாகத் தெரியும். நானும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வேன். எங்கே போனாலும் அடுத்து நீ வாசி என்று ஒருவர் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன்; அதனால் எந்தப் பள்ளி என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பழைய பள்ளியில் வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாசிக்கும்போது, எனக்கு எந்தப் பத்தி வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அதை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதிலேயே பாடம் முழுவதும் போய்விடும். முன்னால் ஒருவன் வராமல் இருந்தால் கணக்குத் தவறிவிடும். புதிய பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் நான் வாய் திறக்கவில்லை. இங்கே யாரும் திடீரென்று வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் என்று நம்ப எனக்கு அவ்வளவு காலம் ஆனது. அதன் பிறகுதான் எனக்கு வாசிப்பே தொடங்கியது.

குறையும் சொல்ல வேண்டும். எதைச் செய்தாலும் கை தட்டினார்கள். நான்கு வரி எழுதினால் பாராட்டு, எழுதாவிட்டாலும் பாராட்டு. 16 வயதில் எனக்கு அது வெறுப்பாக இருந்தது, ஏனென்றால் நான் எழுதியது நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும். வேதியியல் ஆசிரியர் ஒருவர் மட்டும், இது போதாது, நாளை மறுபடி செய்து வா என்பார். அவரைத்தான் இன்றும் போய்ப் பார்க்கிறேன். உங்கள் மகனுக்குப் பார்க்கும் பள்ளியில் அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

வயதுக்கு ஒத்த நண்பர்களும் எனக்குக் குறைவு. 20 பேர் உள்ள பள்ளியில் என் வயதில் மூன்றே பேர். அவர்களில் ஒருவனோடு சண்டை வந்தால் வேறு யாரும் இல்லை. மாலையில் தெருவில் கிரிக்கெட் விளையாடியதுதான் என்னைக் காப்பாற்றியது. நீங்கள் சென்னைக்கு வந்தால் பள்ளிக்கு வெளியே அவனுக்கு ஓர் இடம் தேடுங்கள். அவனுக்கு அது மைதானமாக இல்லாமல் ஒரு வைண்டிங் கடையாகக் கூட இருக்கலாம். மாமாவின் கடையை விட்டு வருவதுதான் அவனுக்கு இதில் பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதை யாராவது அவனிடம் பேசினீர்களா என்று தெரியவில்லை.

எதிரே உட்காரவைத்து என்ன முடிவு செய்தாய் என்று கேட்டால் அவன் சொல்ல மாட்டான். அவன் கையில் வேலை இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.


வைகைக்கரை

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பதில்களைப் படித்துவிட்டு மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தம்பியின் கடையில் அவன் சுருள் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவனே, "அங்க போனா மாமா கடைக்கு எப்ப வர்றது?" என்று கேட்டான். முன்னாள் மாணவராகிய அந்தத் தம்பி எழுதியது அப்படியே நடந்தது. பிறகுதான் பள்ளியைப் பற்றிப் பேசினான். இப்போதைய வகுப்பில் தனக்கு நண்பன் என்று யாருமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். திருச்சித் தாய் கேட்ட கேள்விக்கு அதுவே எங்கள் பதிலாகிவிட்டது. இருந்தாலும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கூடுதல் நேரத்துக்கு ஏற்பாடு செய்வதாகவும், தனிக் கற்பித்தலுக்கு வழியில்லை என்றும் பள்ளியில் பதில் தந்தார்கள்.

இரண்டு சிறப்புப் பள்ளிகளிலும் நோட்டுகளைக் கேட்டேன். தோட்டம் உள்ள பள்ளியில் அன்பாகப் பேசினார்கள், ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கணிதம் எடுக்க விரும்பும் பிள்ளைகள் வெளியே டியூஷன் போகிறார்களாம். மாடிக் கட்டடப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளையின் மூன்று நோட்டுகளை எடுத்து வைத்தார்கள். முதல் நோட்டில் "மழை" என்பதை நான்கு விதமாக எழுதியிருந்தாள். மூன்றாவதில் மழைநீர் சேமிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், "மழை" எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது. அறிவியலும் கணிதமும் அங்கேயே நடத்துகிறார்கள். பதிவெண் உள்ள ஆசிரியர்கள் நான்கு பேர். தலைமை ஆசிரியை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, துணைத் தலைமை ஆசிரியையை அழைத்து என் முன்னால் உட்காரவைத்தார்.

தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் அவனை அங்கே உட்காரவைக்கப் போகிறோம். மாற்றுச் சான்றிதழை அதுவரை கேட்கப் போவதில்லை. கணவரும் நானும் பேசி, மாதம் இரண்டு சனி ஞாயிறு மதுரைக்கு வருவது, கடையில் அவன் வேலையை விடாமல் தொடர்வது என்று வைத்திருக்கிறோம். கடைசியாக ஒரு சந்தேகம். எங்களிடம் தனியார் உளவியலாளரின் அறிக்கை மட்டும்தான் இருக்கிறது. தேர்வுச் சலுகைகளுக்கு அது போதுமா?


சிறப்பாசிரியை, கோவை

போதாது, சகோதரி. அரசு மருத்துவமனையில் உரிய குழு தரும் சான்றிதழ் வேண்டும். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். தனியார் அறிக்கை, பள்ளியிலிருந்து ஒரு கடிதம், கடந்த இரண்டு ஆண்டுகளின் விடைத்தாள்கள் ஆகியவற்றை எடுத்து வைத்திருங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி குழந்தைகள் நல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் போன்றோர் சேர்ந்துதான் கற்றல் குறைபாட்டை உறுதி செய்ய வேண்டும். எட்டு வயதுக்குப் பிறகே சான்று தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிப்பார்கள். 18 வயதில் தருவது வாழ்நாள் முழுவதும் செல்லும். மகனுக்கு 14 முடிந்துவிட்டதால் இப்போது வாங்கும் சான்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உதவும்.

சோதனை நாளில் நன்றாகத் தூங்கவைத்து, சாப்பிடவைத்து அழைத்துச் செல்லுங்கள். அவன் கண்ணாடி அணிபவனாக இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வாசிக்கச் சொல்லும்போது அவன் தயங்கி நின்றால், பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு எடுத்துக்கொடுக்கத் தோன்றும். எடுத்துக்கொடுக்காதீர்கள்.